ஊரில்லாதவனுக்கு யார் சாட்சி?

சித்தம் கலங்கிய நிலையில் ஒருவன் செய்த காரியத்துக்கு அவனைத் தண்டிப்பது நீதி ஆகாது. இந்தக் கொள்கை நம் நாட்டுச் சட்டத்திலும் உண்டு. 1860-ல் இயற்றப்பட்ட இந்தியன் பீனல் கோடில் அது 84-வது பிரிவாக இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அமுலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 22-வது பிரிவாக இருக்கிறது. எண் மாறியதே தவிர, கருத்து மாறவில்லை. தான் செய்வது இன்னதென்றே அறிய முடியாதபடியோ, அது தவறு என்று உணர முடியாதபடியோ ஒருவனுடைய மனம் கெட்டிருந்தால், அவன் குற்றவாளி அல்ல.

நல்ல சட்டம்தான். ஆனால் இந்தக் கருணை எல்லாருக்கும் ஒன்றுபோல் கிடைக்கிறதா? கள்ளிடைக்குறிச்சியில் பிறந்து வளர்ந்தவனுக்குக் கிடைப்பது, ஒரிசாவின் பாலசோரிலிருந்து பிழைக்க வந்தவனுக்கும் கிடைக்குமா?

தாமிரபரணிக் கரையில் இன்று இது வெறும் ஏட்டுக் கேள்வி அல்ல. நெல்லை டவுனிலிருந்து அம்பாசமுத்திரம் வரை ஒரு நடை போய்ப் பார்த்தால் தெரியும். கட்டிட வேலையில் வங்காளி, செங்கல் சூளையில் ஒரியாக்காரர், ஓட்டலில் மேஜை துடைக்கும் அஸ்ஸாம் பையன், பரோட்டாக் கல்லுக்கு முன்னால் பீகார்க்காரர். தெற்கே கூடங்குளத்தில் அணுமின் நிலையம் கட்டுவோரில் வடநாட்டார் ஏராளம். இவர்களும் மனிதர்கள்தானே! காய்ச்சல் வருவதுபோல் மனோவியாதியும் வரும். வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் யாருக்கும் ஒரு தீங்கும் செய்வதில்லை. அபூர்வமாக ஒருவர் வெறி மிகுந்து கையை நீட்டிவிட்டால் போலீஸ் வருகிறது. அதற்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் விஷயம்.

கிளாஸ்கோவிலிருந்து வந்த சாட்சிகள்

இந்தச் சட்டம் பிறந்த கதையை முதலில் பார்த்துவிடுவது நல்லது.

1843 ஜனவரியில் லண்டன் தெருவில் எட்வர்டு டிரம்மண்ட் என்ற அதிகாரி சுடப்பட்டார். அவர் பிரதம மந்திரி சர் ராபர்ட் பீலின் காரியதரிசி. சுட்டவர் டேனியல் மக்நாட்டன். கிளாஸ்கோவில் மரக்கடைசல் தொழில் செய்துவந்த ஸ்காத்லாந்துக்காரர். ஆளும் கட்சியினர் தம்மைப் பின்தொடர்ந்து துன்புறுத்துவதாக அவருக்கு ஒரு பிரமை. இரவு பகல் அதே நினைப்பு.

விசாரணையில் அவருக்காகச் சாட்சி சொன்னவர்கள் யார்? டாக்டர்கள் பலர் வந்தார்கள். அது மட்டுமா? கிளாஸ்கோ நகரிலிருந்து ஊரார் வந்தார்கள். பெற்ற தகப்பனார் வந்தார். அவர் முன்பே எங்களிடம் வந்து இப்படிப் புலம்பினார் என்று அந்நகரத்துப் பெரிய மனிதர்களே வந்து சொன்னார்கள். மக்நாட்டன் கையில் பணமும் இருந்தது. பிடிபட்டபோது 750 பவுனுக்கு பாங்கு ரசீது அவர் சட்டைப் பையில் இருந்ததாம். அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. சிறந்த வக்கீலை அமர்த்த முடிந்தது. ஜூரிகள் அவரைக் குற்றமற்றவர் என்றார்கள். நாட்டில் பெரிய கூச்சல் கிளம்பியது. அதன் பிறகு பிரபுக்கள் சபை கேட்ட கேள்விகளுக்கு நீதிபதிகள் கொடுத்த பதில்தான் நம் பீனல் கோடுக்கு வந்து சேர்ந்தது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும்கூட இது 84-வது பிரிவுதான்.

ஆகவே, மூல வழக்கிலேயே மனிதரைக் காப்பாற்றியது டாக்டர் மாத்திரம் அல்ல. ஊர் வந்து சாட்சி சொன்னது. இதைச் சட்டப் புத்தகம் படிப்பவர்களும் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

இரண்டு பேர்

ஒரு பேச்சுக்கு இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் கள்ளிடைக்குறிச்சிக்காரர். மற்றவர் சூளையில் கல் அறுக்கும் பாலசோர்க்காரர். இரண்டு பேருக்கும் ஒரே வியாதி. காதில் யாரோ பேசுகிறார்கள், சோற்றில் விஷம் வைக்கிறார்கள் என்ற எண்ணம். இரண்டு பேரும் ஒருநாள் பக்கத்தில் இருந்தவரை அடித்துக் காயப்படுத்திவிட்டார்கள்.

முதலாமவருக்கு என்ன நடக்கும்? வீட்டுக்காரி அழுதுகொண்டே ஸ்டேஷனுக்கு வருவாள். “ஆறு மாசமா ஒழுங்காத் தூங்கல ஐயா. தனக்குத்தானே பேசிக்கிட்டுத் திரிஞ்சாரு” என்பாள். அடுத்த வீட்டு அண்ணாச்சி வருவார். ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் கொடுத்த பழைய சீட்டு ஒன்று டிரங்குப் பெட்டியிலிருந்து வெளிவரும். கோவிலில் மந்திரித்துக் கயிறு கட்டிய பூசாரிகூட ஒரு சாட்சிதான்.

இரண்டாமவருக்கு? யாரும் இல்லை. கூட வந்தவர்கள் போலீசைக் கண்டதும் அடுத்த ரெயிலில் ஏறியிருப்பார்கள். ஆறு மாதம் முன்பு அவர் எப்படி இருந்தார் என்று சொல்ல, இந்த ஊரில் ஒருவர் கிடையாது.

அந்தச் சாட்சி எவ்வளவு முக்கியம் என்பதைச் சுப்ரீம் கோர்ட்டு 1964-ல் குஜராத் வழக்கு ஒன்றில் விளக்கியிருக்கிறது. குற்றம் நடந்த நேரத்தில் மனம் எப்படி இருந்தது என்பதே கேள்வி. அதற்கு முன்னால் அவன் நடந்துகொண்ட விதம், அந்த நேரத்தில் நடந்த விதம், பிறகு நடந்த விதம் ஆகிய எல்லாவற்றையும் பார்த்து முடிவு செய்யவேண்டும். சித்தசுவாதீனம் இல்லை என்று காட்டும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவன் தலையில். ‘முன்னால் நடந்துகொண்ட விதம்’ என்ற மூன்று சொல்லுக்குள் ஒரு கிராமமே அடங்கியிருக்கிறது. அந்தக் கிராமம் ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால் என்ன செய்வது?

டாக்டர் அறையில்

சாட்சி இல்லாவிட்டால் போகட்டும், டாக்டர் இருக்கிறாரே என்று கேட்கலாம். இருக்கிறார். மாஜிஸ்திரேட்டுக்குச் சந்தேகம் வந்தால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 367-வது பிரிவுப்படி சர்க்கார் டாக்டரிடம் அனுப்பவேண்டும். அவர் மனநல டாக்டரிடமோ மனோதத்துவ நிபுணரிடமோ அனுப்புவார். அவர் முடிவில் குறை இருந்தால் மருத்துவ போர்டுக்கு அப்பீல் செய்யலாம். அருகிலுள்ள மருத்துவக் கல்லூரியின் மனநலப் பேராசிரியர் ஒருவரும் அந்த போர்டில் இருக்கவேண்டும். 1965-ல் தொடங்கிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி பாளையங்கோட்டையிலேயே இருப்பதால் நெல்லைக்கு அந்த வசதியும் உண்டு.

ஆனால் மனோவியாதிக்கு எக்ஸ்ரே கிடையாது. ரத்தத்தை எடுத்துப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. டாக்டருக்கு உள்ள கருவி ஒன்றே ஒன்றுதான். அது பேச்சு. நோயாளி என்ன சொல்கிறான், எப்படிச் சொல்கிறான், எந்த இடத்தில் தடுமாறுகிறான் என்பதை வைத்தே முடிவு செய்யவேண்டும். பேச்சு புரியாவிட்டால் கருவியே இல்லை என்று அர்த்தம்.

வார்த்தைக்கு வார்த்தை அர்த்தம் தெரிந்தால் போதும் என்றும் நினைத்துவிடக்கூடாது. நெல்லைச் சீமையில் ஒருவர், “சுடலை கனவுல வந்து பேசுதாரு” என்றால் இங்கே வளர்ந்த டாக்டர் பதற மாட்டார். அது பக்தியா, வியாதியா என்று பிரித்துப் பார்க்க அவருக்குத் தெரியும். கொடை நாளில் சாமியாடுகிறவரை யாரும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதில்லை. அதே காட்சியைப் பாட்னாக்காரர் ஒருவர் பார்த்தால் பயந்துபோவார். அதுபோலவே ஒரு பீகார் கிராமத்தார் ‘ஊப்ரி ஹவா’ என்று சொன்னால், மேல்காற்று என்று மொழிபெயர்த்து என்ன பயன்? நம் ஊரில் காத்து கருப்பு அடித்துவிட்டது என்கிறோமே, அதுதான் அது. ‘கப்ராஹட்’ என்றால் நெஞ்சுப் படபடப்பும் மனக்கலக்கமும் சேர்ந்த ஒரு நிலை. அதைப் பயம் என்று ஒரே சொல்லில் எழுதினால் பாதி போய்விடும்.

பாஷை ஒன்றாக இருந்தாலும் தப்பு நேரலாம். 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து ஓடிவந்த தமிழர்கள் தமிழ்நாடெங்கும் முகாம்களில் வாழ்ந்து வருகிறார்கள். யாழ்ப்பாணத்துக்காரர் ‘எனக்கு ஒரே யோசனை’ என்றால், ஏதோ திட்டம் போடுகிறார் என்று நெல்லைக்காரருக்குத் தோன்றும். அவர் சொல்வது அது அல்ல. ஓயாத மனக்கவலை என்பதையே அவர்கள் யோசனை என்கிறார்கள். போர்க் காலத்து மனக்காயங்களைப் பற்றி யாழ்ப்பாணத்து மனநல டாக்டர் தயா சோமசுந்தரம் எழுதியவற்றைப் படித்தவர்களுக்கு, இந்த ஒரு சொல்லில் எவ்வளவு பாரம் இருக்கிறது என்பது தெரியும். கோர்ட்டு ரிக்கார்டில் ‘யோசித்துச் செய்தார்’ என்று ஏறிவிட்டால் ஒரு மனிதரின் கதியே மாறிவிடும் அன்றோ!

சரி, மொழிபெயர்ப்பாளர் வைத்துக்கொள்ளலாமே? கோர்ட்டில் அதற்கு ஷரத்து உண்டு. குற்றம் சாட்டப்பட்டவனுக்குத் தெரியாத பாஷையில் சாட்சி சொல்லப்பட்டால், அவனுக்குத் தெரிந்த பாஷையில் பகிரங்கமாக மொழிபெயர்த்துச் சொல்லவேண்டும். முன்பு 279-வது பிரிவு. இப்போது 314. ஆனால் அது கோர்ட்டு மண்டபத்துக்கு எழுதப்பட்டது. ஆஸ்பத்திரி அறைக்கு எழுதப்பட்டது அல்ல. ஸ்டேஷனிலும் ஆஸ்பத்திரியிலும் அவசரத்துக்கு அகப்படுகிறவர் யார்? ஆள் பிடித்துவந்த மேஸ்திரி, அல்லது இந்தி தெரிந்த ஒரு போலீஸ்காரர், அல்லது இன்னொரு கைதி. மேஸ்திரியின் கஷ்டம் மேஸ்திரிக்கு. ‘மூன்று மாதமாகச் சம்பளம் இல்லை, தூங்க இடம் இல்லை’ என்று நோயாளி சொன்னால், அதை அவர் டாக்டரிடம் அப்படியே சொல்வாரா? போலீஸ்காரர் கேட்பதோ வாக்குமூலம். டாக்டர் கேட்பது நோயின் சரித்திரம். இரண்டையும் ஒரே வாயால் கேட்கச் சொல்வது எப்படிப் பொருந்தும்?

பாளையங்கோட்டை மத்திய சிறை பாஷைப் போராட்டத்தின் சரித்திரத்தில் இடம்பெற்ற சிறை. 1965-ல் இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியின்போது மு. கருணாநிதி இங்கேதான் அடைக்கப்பட்டார். தாய்மொழிக்காகச் சிறை புகுந்தவர்களைப் போற்றுகிற ஊருக்கு, தாய்மொழியில் பேச ஆளில்லாமல் சிறைக்குள் கிடப்பவனுடைய கஷ்டத்தை விளக்கிச் சொல்லவேண்டியது இல்லை.

41 வருஷம்

மொழியும் சாட்சியும் இல்லாமல் போனதோடு முடிவதில்லை. ‘விசாரணையைப் புரிந்துகொள்ளும் நிலையில் இவர் இல்லை’ என்று டாக்டர் எழுதிவிட்டால் வழக்கு நின்றுவிடும். குணமானதும் நடத்தலாம் என்பது சட்டம். அதுவரை? 369-வது பிரிவு அதற்கும் வழி சொல்கிறது. ஜாமீனில் விடமுடியாத குற்றமாக இருந்தாலும், உள்நோயாளியாக வைக்கவேண்டிய அவசியம் இல்லையென்றால் வெளியே விடலாம். ஆனால் ஒரு நிபந்தனை. உறவினரோ நண்பரோ ஒருவர் முன்வந்து, ‘ஒழுங்காக வைத்தியம் செய்விப்பேன், யாருக்கும் தீங்கு நேராமல் பார்த்துக்கொள்வேன்’ என்று பொறுப்பேற்கவேண்டும்.

மறுபடியும் அதே ஊர்! உறவினர், நண்பர். சட்டம் எழுதியவர்கள் மனத்தில் இருந்தவன், அண்ணன் தம்பியோடு பிறந்து, தெருவில் நாலு பேருக்குத் தெரிந்து வாழ்கிறவன். வேற்றூரில் தனியே நிற்பவனை அவர்கள் நினைக்கவில்லை. அதன் விளைவு என்ன என்பதைக் கல்கத்தா ஹைகோர்ட்டு ரிக்கார்டுகளில் பார்க்கலாம்.

நேபாளத்தின் இலாம் மாவட்டத்தைச் சேர்ந்த ஒருவர் வேலை தேடி டார்ஜிலிங்குக்கு வந்தார். 1980 மே மாதத்தில் ஒரு கொலை வழக்கில் கைதானார். அவருக்கு மனவளர்ச்சி போதாது. விசாரணையைத் தொடர முடியவில்லை. வழக்கு நின்றது. ஆனால் அவர் போகவில்லை. ஒரு சிறையிலிருந்து இன்னொரு சிறைக்கு மாற்றப்பட்டு, கடைசியில் டம்டம் மத்திய சிறையில் கிடந்தார். குற்றவாளி என்று தீர்ப்பும் இல்லை. நிரபராதி என்று தீர்ப்பும் இல்லை. ஜாமீனுக்கு ஆள் இல்லை. ஆண்டுகள் ஓடின. உலகத்தில் எத்தனையோ நடந்துவிட்டன. ஊரில் அவர் செத்துப்போனார் என்று நினைத்துவிட்டார்கள்.

அவரைக் கண்டுபிடித்தது சர்க்கார் அல்ல, கோர்ட்டும் அல்ல. அவரோடு சிறையில் இருந்து விடுதலையான ஒருவர் வெளியே வந்து, வங்காளத்து அமெச்சூர் ரேடியோ சங்கத்தாரிடம் அவரைப் பற்றிச் சொன்னார். புயல் வெள்ளக் காலங்களில் செய்தி அனுப்ப உதவும் சங்கம் அது. அவர்கள் தேடினார்கள். நேபாளத்தில் குடும்பம் இருப்பது தெரிந்தது. விஷயம் ஹைகோர்ட்டுக்குப் போயிற்று. அவருடைய மன நிலை பத்து வயதுப் பையனுடையது போன்றது என்று பரிசோதித்தவர்கள் தெரிவித்தார்கள். 2021 மார்ச்சில் விடுதலை உத்தரவு பிறந்தது. உறவினர் வந்து அழைத்துப் போனார். இளைஞராக உள்ளே போனவர் எழுபதைத் தாண்டிய கிழவராக வெளியே வந்தார். அந்த ஆண்டின் கடைசியில் வழக்கும் ரத்தாயிற்று. 5 லட்சம் ரூபாய் நஷ்டஈடு கொடுக்கும்படி மேற்கு வங்க சர்க்காருக்கு உத்தரவாயிற்று. 41 வருஷத்துக்கு 5 லட்சம்! வருஷத்துக்கு எவ்வளவு என்று வாசகர்களே வகுத்துப் பார்த்துக்கொள்ளட்டும்.

அஸ்ஸாமில் மச்சல் லாலுங் என்பவரின் கதை இதைவிட நீண்டது. 1951-ல் பிடித்தார்கள். தேஜ்பூர் மனநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். 1967-ல் குணமாகிவிட்டது என்று ஆஸ்பத்திரி சொல்லிற்று. குணமானவர் வீட்டுக்குப் போகவில்லை. கௌஹாத்தி ஜெயிலுக்குப் போனார். 2005-ல்தான் விடுதலை. அப்போது கட்டச் சொன்ன ஜாமீன் எவ்வளவு தெரியுமா? ஒரே ஒரு ரூபாய். அந்த ஒரு ரூபாய்க்கு 54 வருஷம் காத்திருந்தார். சொந்த திவா பாஷையே அவருக்கு மறந்துபோயிருந்தது. இரண்டு ஆண்டுக்குப் பிறகு காலமானார்.

இவர் வேறு நாட்டவர் அல்ல, சொந்த மாநிலத்தவரே. ஊரிலிருந்து பிரிக்கப்பட்டால் போதும், அவரும் அகதிதான்.

கடல் கடந்த நம்மவர்

இது வடநாட்டான் பிரச்சினை, நமக்கென்ன என்று நெல்லைக்காரர் ஒருவர் சொல்ல முடியாது. கொழும்புக்கும் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கப்பலேறியவர்களின் சந்ததி அல்லவா நாம்! கடையநல்லூரிலும் தென்காசியிலும் இருந்து சிங்கப்பூருக்குக் குடியேறியவர்களுக்கு அங்கே தனிச் சங்கங்களே உண்டு. மேலப்பாளையத்தில் வளைகுடா நாட்டுக் கடிதம் வராத தெரு அரிது. கடிதம் போய் இப்போது செல்போன் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

சிங்கப்பூரில் நாகேந்திரன் தர்மலிங்கம் என்ற மலேசியத் தமிழருக்கு நேர்ந்தது உலகமெங்கும் பேசப்பட்டது. 2009-ல் சுமார் 43 கிராம் ஹெராயினைத் தொடையில் கட்டிக்கொண்டு எல்லையைக் கடந்தபோது பிடிபட்டார். மரண தண்டனை. அவருடைய அறிவுத்திறனை அளந்தபோது 69 என்று வந்தது. சாதாரணமாக 100 என்பது சராசரி. சரக்கைச் சுமந்தவர் மனக்கோளாறால் பொறுப்புணர்வு மிகவும் குன்றியவர் என்று நிரூபிக்கப்பட்டால், தூக்குக்குப் பதில் ஆயுள் தண்டனை கொடுக்கலாம் என்று சிங்கப்பூர் சட்டம் 2013 முதல் இடம் தருகிறது. நிபுணர்கள் ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். தான் செய்வது இன்னதென்று அறிந்தே செய்தார் என்று கோர்ட்டு முடிவு செய்தது. ஈப்போவிலிருந்து தாயார் ஓடிவந்து போட்ட கடைசி மனுவும் தள்ளப்பட்டது. 2022 ஏப்ரல் 27-ந் தேதி விடியற்காலையில் தூக்கிலிட்டார்கள்.

தீர்ப்பு சரியா தவறா என்று இங்கே வாதாடவேண்டியது இல்லை. ஆனால் ஒரு தமிழ்ப் பிள்ளையின் மனத்தை அயல்நாட்டில் சரியாக அளந்தார்களா என்று நாம் பதறினோம். அதே பதற்றம் பாலசோரில் இருக்கும் தாய்க்கும் உண்டு.

மேல்நாடுகளில் இதைப் பற்றி நீண்ட காலமாக ஆராய்ந்து வருகிறார்கள். அமெரிக்காவின் மின்னசோட்டாவில் குடியேறிய நார்வேக்காரர்களிடையே சித்தப்பிரமை அதிகம் என்று ஓடகார்டு என்ற நார்வே டாக்டர் 1932-லேயே எழுதினார். பல நாட்டு ஆராய்ச்சிகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த 2005-ம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, ‘ஸ்கிஸோப்ரினியா’ என்ற அந்த வியாதி குடியேறிகளுக்கு இரண்டரை மடங்குக்கு மேலும், அவர்கள் பெற்ற பிள்ளைகளுக்கு நாலு மடங்குக்கு மேலும் வருவதாகக் கணக்கிட்டது. பிள்ளைகளுக்கு ஏன் இன்னும் அதிகம்? அவர்கள் எங்கும் போகவில்லையே! தூரப் பயணம் அல்ல காரணம், ஒதுக்கப்பட்டு வாழ்வதே காரணம் என்று பல நிபுணர்கள் கருதுவது இதனால்தான். இங்கிலாந்தில் கறுப்பு இனத்தவர்களை மனநலச் சட்டப்படி கட்டாயமாக ஆஸ்பத்திரியில் அடைப்பது வெள்ளையர்களைவிட மூன்று மடங்குக்கு மேல் நடக்கிறது.

ஒதுக்கி வைப்பது நம்மிடமும் இல்லாமல் இல்லை. 2018 மே மாதத்தில் பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வதந்தி தமிழ்நாட்டில் பரவியது. பழவேற்காட்டில் மனநிலை சரியில்லாமல் அலைந்த ஒருவரை ஜனங்கள் அடித்தே கொன்றுவிட்டார்கள். யார், எந்த ஊர் என்று கேட்டதற்குப் பதில் சொல்லத் தெரியாதவன் திருடன் என்பது கூட்டத்தின் தீர்ப்பு. அந்தத் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது.

வழிச் செலவு

சட்டத்தில் இடம் இல்லாமல் இல்லை. 2018-ல் அமுலுக்கு வந்த மனநல பராமரிப்புச் சட்டம் எந்த வித்தியாசமும் பாராட்டாமல் வைத்தியம் தரவேண்டும் என்கிறது. நோயாளிக்குச் சொல்லவேண்டியதை அவனுக்குப் புரியும் பாஷையில் சொல்லவேண்டும் என்கிறது. ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஒரு சிறையின் மருத்துவப் பகுதியிலாவது மனநல வார்டு இருக்கவேண்டும் என்கிறது. தமிழ்நாட்டின் பெரிய மனநல ஆஸ்பத்திரி 1794-ல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரிதான். கைதிகளுக்கு அங்கே தனி வார்டு உண்டு. ஆனால் நெல்லையிலிருந்து அது 600 கிலோமீட்டருக்கு மேல். பாளையங்கோட்டையில் நாலு தமிழ் வார்த்தை கற்றுக்கொண்டு ஒரு வார்டரைப் பழகிக்கொண்ட மனிதனை, இன்னொரு தரம் பெயர்த்து நடுவதாக ஆகும்.

செலவு மிகுந்த காரியம் எதுவும் தேவையில்லை. நெல்லையில் இந்தி, வங்காளம், ஒரியா தெரிந்தவர்களுக்குப் பஞ்சமா? பாங்குக்குப் போனால் வடநாட்டு ஆபீசர் உட்கார்ந்திருக்கிறார், நம் பேச்சு அவருக்கு விளங்கவில்லை என்று முணுமுணுக்கிறோம். அவரையே மாதத்தில் ஒருநாள் ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்தால் என்ன? ரெயில்வேயில் இருக்கிறார்கள். கூடங்குளத்தில் இன்ஜினீயர்கள் இருக்கிறார்கள். இப்படிப் பத்துப் பேரின் பெயரை மாவட்ட இலவச சட்ட உதவி மையத்தில் எழுதிவைத்து, கேள்வியைக் கேள்வியாகவும் பதிலைப் பதிலாகவும் சொல்லப் பழக்கிவிட்டால், மேஸ்திரியை நம்பவேண்டியது இல்லை. 2022-ல் மத்திய சர்க்கார் ஆரம்பித்த 14416 என்ற மனநல டெலிபோனில் இருபது பாஷைகளில் பேசலாம். ஒரு பாஷைக்கு ஆள் அகப்படாத நாட்டில் அப்படி ஒன்று நடக்குமா?

சாட்சிக்கும் வழி பிறந்திருக்கிறது. புதிய சட்டத்தின் 530-வது பிரிவு, விசாரணையை மின்னணு முறையில் நடத்த அனுமதிக்கிறது. பாலசோர் தாய் அங்குள்ள கோர்ட்டில் உட்கார்ந்து, தன் மகன் போன தீபாவளிக்கு வந்தபோதே சரியாக இல்லை என்று நெல்லை மாஜிஸ்திரேட்டுக்கு நேருக்கு நேர் சொல்லலாம். அந்தத் தாயின் விலாசத்தைக் கண்டுபிடித்து எழுத ஒரு வக்கீல் மெனக்கெட வேண்டும், அவ்வளவே. அலைந்து திரியும் மனநோயாளிகளைக் குணப்படுத்தி வீடு சேர்க்கும் பம்பாய் டாக்டர் பரத் வாட்வானி, நோயாளி தெளிவடையும்போது உதிர்க்கும் ஊர்ப் பெயர், ஆற்றின் பெயர் இவற்றைப் பிடித்துக்கொண்டே ஊரைக் கண்டுபிடிக்கிறார். 2018-ல் அவருக்கு மகசேசே விருது கொடுத்தார்கள். சென்னையில் 1993 முதல் ‘பான்யன்’ ஸ்தாபனம் பெண்களுக்கு இதே வேலையைச் செய்கிறது. தனி மனிதர்களால் முடிந்தது கோர்ட்டால் முடியாதா?

முடியும் என்று சுப்ரீம் கோர்ட்டே காட்டியிருக்கிறது. 1982-ல் பீகாரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஹஜாரிபாக் இலவச சட்ட உதவிக் கமிட்டி எழுதியது. சித்தம் தெளிந்த பிறகும் பல ஆண்டுகளாகச் சிறையில் கிடக்கும் கைதிகளைப் பற்றிய கடிதம். அதையே மனுவாக எடுத்துக்கொண்டார் நீதிபதி பகவதி. விடுதலை செய்யும்படி உத்தரவிட்டார். அத்தோடு நிற்கவில்லை. வெளியே விட்டால் இவர்கள் எங்கே போவார்கள், கையில் காசு இருக்கிறதா என்று யோசித்திருக்கிறார். ஊர் போய்ச் சேர வழிச் செலவும், போன பிறகு ஒரு வாரச் சாப்பாட்டுச் செலவும் சர்க்காரே கொடுக்கவேண்டும் என்று அந்த உத்தரவில் எழுதினார்.